தோட்டத்துப் பிள்ளைக்கு இயற்பியல் எதுக்கு?

நவம்பர் 9, மாலை. மலேசியத் தமிழர் ஒருவர் இங்கே கேட்ட கேள்வி இதுதான்:

"சுங்கை சிப்புட் பக்கம் இருக்கேன். செம்பனைக் குலை ஏத்துற லோரி ஓட்டுறேன். மகள் மூன்றாம் படிவம் முடிக்கிறா. அடுத்து இயற்பியல் எடுக்கப் போறேன்னு ஒத்தைக்கால்ல நிக்கிறா. கணக்கியல் எடுத்தா ஆபீசுல வேலை, காத்தாடிக்குக் கீழே உட்காரலாம்னு நான் சொல்றேன். இயற்பியல் நம்ம மாதிரி ஆளுங்க வாழ்க்கையில எங்க வருது? படிச்சவங்க யாராவது சொல்லுங்க. 'எல்லா இடத்துலயும் இருக்கு'ன்னு மட்டும் சொல்லாதீங்க."

நவம்பர் 9, இரவு

தம்பி, லோரியில் இருந்தே ஆரம்பிக்கிறேன். அதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

காய்ந்த தார் ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார், டயர் நன்றாக இருந்தால், பிரேக்கை முழுசாக அழுத்திய இடத்தில் இருந்து ஏறக்குறைய 20 மீட்டரில் நிற்கும். 90-இல் போனால்? வேகம் ஒன்றரை மடங்கு, அப்படியென்றால் 30 மீட்டர் என்று மனசு சொல்லும். ஆனால் 45 மீட்டர் ஆகும். ஒன்றரையை ஒன்றரையால் பெருக்குங்கள், இரண்டேகால் வரும், தூரம் அந்த மடங்கில்தான் கூடுகிறது. இதுவும் கால் பிரேக்கில் பட்ட பிறகு உள்ள கணக்கு. குறுக்கே மாடு வருவதைக் கண் பார்த்து, கால் நகர ஒரு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால் 90-இல் அந்த ஒரு வினாடியிலேயே 25 மீட்டர் போய்விடும். மழை நாளில் இன்னும் மோசம், குலை ஏற்றிய லோரிக்கு இன்னும் அதிக இடம் வேண்டும்.

இன்னொன்று. 10 டன் எடையுள்ள லோரி 60-இல் இருந்து நிற்கும்போது அந்த ஓட்டம் எங்கே போகிறது? பெரும்பகுதி பிரேக்கில் சூடாகப் போகிறது. அந்தச் சூட்டை அப்படியே பிடித்துத் தண்ணீருக்குக் கொடுக்க முடிந்தால் நாலரை லிட்டர் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்துவிடும். ஒரே ஒரு தடவை நிறுத்துவதற்கு அவ்வளவு. இறக்கத்தில் பிரேக்கையே அழுத்திக்கொண்டு வந்தால் கருகல் வாடை ஏன் வருகிறது, மூத்த டிரைவர்கள் சின்ன கியரைப் போடு என்று ஏன் கத்துகிறார்கள் என்பதற்கெல்லாம் காரணம் இதுதான்.

நான் செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்க்கிறேன், 27 வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித் தருகிறேன். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

நவம்பர் 10

லோரியை மட்டும் சொன்னால் இது ஆம்பளைகள் சமாச்சாரம் என்று ஆகிவிடும். என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். இருட்டு பிரியும் முன்பே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, நெற்றியில் விளக்கு, கையில் உளி. இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும் சாய்வு வெட்டு, பட்டை ஒரு நூல் கனத்துக்குத்தான் சீவி வரும். வெட்டின கோட்டில் பால் முத்து முத்தாகத் துளிர்க்கும், ஒன்றோடொன்று சேரும், பீலி என்கிற தகட்டுக்கு ஓடும், மங்கு என்கிற கிண்ணத்தில் சொட்டும். "வெயில் வந்தா மரம் மூச்சைப் பிடிச்சுக்கும்" என்பார். அதனால்தான் அந்த ஓட்டம், அதனால்தான் நாங்கள் எழுந்திருக்கும்போது அவர் வீட்டில் இருக்கவே மாட்டார்.

மரம் என்ன செய்கிறது தெரியுமா? இரவெல்லாம் வேர் தண்ணீரை இழுக்கிறது, இலை அதிகம் வெளியே விடுவதில்லை. விடியும் நேரத்தில் பட்டைக்குள் இருக்கிற பால் குழாய்கள் காற்று அடைத்த சைக்கிள் டியூப் மாதிரி அழுத்தத்தோடு விம்மி நிற்கும். வெட்டினால் பால் வெளியே தள்ளிக்கொண்டு வரும். வெயில் ஏறினால் இலை தண்ணீரை ஆவியாக விட ஆரம்பிக்கும், உள்ளே அழுத்தம் இறங்கும், பால் குறையும். மூச்சைப் பிடிப்பது என்று அம்மா சொன்னதும் இதைத்தான்.

அப்புறம் காண்டா வாளி. தோளில் கம்பு, இரண்டு பக்கமும் பால் நிறைந்த வாளி. கம்பு விறைப்பாக இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் தோள் இடி வாங்கும். வளைந்து கொடுக்கிற கம்பாக இருந்தால் உடம்பு ஏறி இறங்கினாலும் வாளி ஏறக்குறைய ஒரே மட்டத்தில் மிதந்து வரும், தோளுக்கு அடி குறையும். அம்மா கம்பைத் தேர்ந்தெடுக்கும்போது நடுவில் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டிப் பார்ப்பார். வாளிப் பால் மேல் ஒரு இலைக் கொத்தைப் போடுவார், தளும்பல் அதில் பட்டு அடங்கிவிடும். ஸ்டோர் வரைக்கும் ஒரு சொட்டு சிந்தாது.

வீட்டில் பாட்டியின் மண்பானை. பிரிட்ஜ் இல்லாத லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், ஜில்லென்ற தண்ணீர். பானை வியர்க்கும், வியர்வை ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும், உள்ளே இருக்கிற தண்ணீர் குளிரும்.

இதெல்லாம் இயற்பியல்தான் தம்பி. உங்கள் மகள் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை.

நவம்பர் 11

ஒருவர் கீழே கேட்டிருக்கிறார்: "உங்க அம்மாவுக்கு ஸ்கூல் போகாமலே எல்லாம் தெரிஞ்சிருக்கே, அப்புறம் அந்தப் பொண்ணு எதுக்கு அதைப் படிக்கணும்?"

இதற்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஷிப்டு முழுக்க இதே யோசனை. நேற்று நான் எழுதியதில் ஏதோ ஓட்டை இருக்கிறது.

நவம்பர் 13

மாலை நான்கு மணிக்கு அடித்த இடியில் கரண்டு போய்விட்டது, இப்போதுதான் வந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் இன்னும் இல்லை. மின்னலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இந்த மாதத்தில் இதுதான் அவசரம்.

மின்னலைப் பார்த்ததும் எண்ணுங்கள். ஒளி கண்ணுக்கு உடனே வந்துவிடும். சத்தம் நம் ஊர்ச் சூட்டில் வினாடிக்கு 350 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நடந்து வரும். ஆக, மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். ஒன்பது எண்ணும்போது இடி கேட்டால் மூன்று கிலோமீட்டர். 30 எண்ணுவதற்குள் கேட்டாலே வெளி வேலையை விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். அடுத்தது நம் தலைக்கு மேலேயே விழலாம். மரத்தடியில் ஒதுங்குவது கூடவே கூடாது. மரத்தில் இறங்கும் மின்சாரம் பக்கத்தில் நிற்கிற ஆளுக்குத் தாவும்.

லோரிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் பாதுகாப்பு. ஆனால் எல்லாரும் சொல்கிற காரணம் தப்பு. டயர் ரப்பர் காப்பாற்றுகிறது என்கிறார்கள். பல கிலோமீட்டர் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்த மின்சாரத்துக்கு ஒரு முழம் ரப்பர் என்ன தடை? காப்பாற்றுவது சுற்றிலும் உள்ள இரும்புக் கூடு. மின்சாரம் கூட்டின் வெளிப்பக்கமாகவே ஓடித் தரைக்கு இறங்கிவிடும். மைக்கேல் ஃபாரடே என்கிற விஞ்ஞானி 1836-இல் ஒரு பெரிய கூண்டுக்குள் தானே உட்கார்ந்து இதைக் காட்டினார். காரணம் தப்பாகத் தெரிந்தவன் மோட்டார் சைக்கிளிலும் டயர் இருக்கிறதே என்று நனைந்துகொண்டே போவான். காரணம் சரியாகத் தெரிந்தவன் நிறுத்திவிட்டுக் கடைக்குள் போவான்.

நவம்பர் 16, ஞாயிறு

இன்று மண்டபத்தில் பதினோரு பிள்ளைகள். பாடம் வேறு வைத்திருந்தேன், ஆனால் ஒருவன் ரப்பர் பேண்டைச் சுண்டி விளையாடிக்கொண்டிருந்தான். அதையே பாடமாக்கினேன்.

நீங்களும் செய்யுங்கள். கொஞ்சம் அகலமான ரப்பர் பேண்டு. மேல் உதட்டில் ஒட்டினாற்போல் வைத்து, சடாரென்று இழுங்கள். உதட்டுக்குச் சூடு தெரியும். இழுத்தபடியே பத்துப் பதினைந்து வினாடி காத்திருங்கள், சூடு ஆறிவிடும். இப்போது கையைத் தளர்த்தி உடனே உதட்டில் வையுங்கள். ஜில்லென்று இருக்கும். விரலுக்கு அவ்வளவாகத் தெரியாது, உதட்டுக்குத்தான் தெரியும்.

இதை முதலில் எழுதி வைத்தவர் ஜான் காஃப் என்கிற இங்கிலாந்துக்காரர், 1805-இல் அச்சில் வந்தது. அம்மை போட்டுச் சின்ன வயதிலேயே பார்வை போனவர். கண் இல்லாத மனிதர் உதட்டால் கண்டுபிடித்தார் என்று சொன்னதும் மண்டபமே அமைதியானது. பதினோரு பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி இழுத்துப் பார்த்தார்கள். நான் மூடச் சொல்லவே இல்லை.

அடுத்தது இன்னும் விசித்திரம். ரப்பர் பேண்டில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, முடி காய வைக்கும் மிஷினால் சூடு காட்டினோம். இரும்பைச் சூடாக்கினால் நீளும், ரப்பரும் நீண்டு பூட்டு இறங்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். பூட்டு மேலே ஏறியது. கொஞ்சம்தான், பின்னால் வைத்த ஸ்கேலில் கண்ணால் பார்க்கிற அளவுக்கு. இழுத்துக் கட்டிய ரப்பர் சூடானால் சுருங்கும். ஜூல் என்கிற விஞ்ஞானி 1859-இல் இதை அளந்து உறுதிப்படுத்தினார்.

ஏன் என்றால், ரப்பர் என்பது நீள நீளமான சங்கிலிகள், ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடப்பவை. இழுத்தால் அவை ஒழுங்காக நேராகின்றன. சூடு என்பது குலுக்கல். இரண்டு பேர் ஒரு கயிற்றின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு வேகமாக ஆட்டினால் கை உள்பக்கமாக இழுபடுமே, அதுதான். குலுக்கல் கூடக்கூடச் சங்கிலிகள் தங்கள் நுனிகளை உள்ளே இழுக்கின்றன. கயிற்றைப் பிடித்து ஆட்டியும் பார்த்தோம்.

மனசில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். 1877-இல் கோலகங்சாரில் நட்ட முதல் ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது, எங்கள் ஊரில் இருந்து அரை மணி நேரப் பயணம். அந்த மரத்தின் வம்சம்தான் எங்கள் தாத்தாவைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தது. மூன்று தலைமுறை அந்தப் பாலை வெட்டி, சுமந்து, உறைய வைத்து, உருட்டி, புகை போட்டோம். அந்தப் பொருளுக்குள் இப்படி ஒரு அதிசயம் இருக்கிறது என்று எங்கள் லயத்தில் ஒரு பிள்ளைக்கும் யாரும் சொன்னதில்லை. எனக்கு நாற்பது வயதில்தான் தெரிந்தது. அம்மா அப்போது இல்லை. அவர் உதட்டில் ஒரு தடவை வைத்துக் காட்டியிருக்கலாம்.

நவம்பர் 17

லோரித் தம்பி எழுதியிருக்கிறார்: "மகள் தன் உதட்டுல வச்சா, அப்புறம் என் உதட்டுல வச்சா, அவங்க அம்மாவையும் விடல. சூடு தெரியுது. சரிண்ணே, ஒத்துக்கிறேன். ஆனா இதுல சம்பளம் எங்க இருக்கு?"

நியாயமான கேள்வி. வருகிறேன்.

நவம்பர் 19

திருத்தம். 10-ஆம் தேதி மண்பானையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஈப்போவில் இருக்கும் ஒரு டீச்சர் நிஜமாகவே பானை வாங்கி, தெர்மாமீட்டர் வைத்து அளந்திருக்கிறார். பக்கத்தில் எவர்சில்வர் குடம். மத்தியானம் இரண்டுக்கும் வித்தியாசம் மூன்று டிகிரிகூட இல்லையாம். "ஜில்லென்று எங்கே இருக்கிறது?" என்று கேட்கிறார்.

அவர் சொல்வதுதான் சரி. நான் யோசிக்காமல் எழுதிவிட்டேன். பானை எவ்வளவு குளிரும் என்பது பானை கையில் இல்லை, காற்றின் கையில் இருக்கிறது. காற்று காய்ந்திருந்தால் தண்ணீர் வேகமாக ஆவியாகும், சூட்டை வேகமாக எடுத்துப்போகும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவி எங்கே போகும்? தமிழ்நாட்டு உள் மாவட்டத்தில் சித்திரை மாதம் 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்று வையுங்கள். பானைத் தண்ணீர் ஏறக்குறைய 24 டிகிரி வரைக்கும் இறங்க இடம் இருக்கிறது. இங்கே 32 டிகிரி, ஈரப்பதம் 70. என்ன செய்தாலும் 27-க்குக் கீழே போகாது, அதுவும் காற்று வீசினால்தான். மண்டபத்தில் 32 டிகிரியிலேயே நாம் வியர்த்து வழிவதும் துணி காயாமல் வாடை அடிப்பதும் இதே கணக்கு.

அப்படியென்றால் சின்ன வயதில் நான் குடித்த அந்த ஜில் தண்ணீர்? ராத்திரி முழுக்கச் சமையற்கட்டின் மூலையில் இருந்த தண்ணீர், விடியற்காலையில் குடித்தது. ஈயக் குடத்தில் இருந்தாலும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்திருக்கும். பாட்டியோடு சேர்த்து அந்த நினைப்பையும் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நவம்பர் 20

படுத்த பிறகு எழுந்து வந்து எழுதுகிறேன். 11-ஆம் தேதி கேள்விக்குப் பதில் பானைக்குள்தான் இருக்கிறது.

பாட்டி கப்பலில் வந்தபோது பானைப் பழக்கம் கூடவே வந்தது, காய்ந்த காற்று வரவில்லை. கைப்பழக்கம் ஊர் மாறினால் பொய்யாகப் போகலாம், அதைச் செய்கிறவருக்கு அது தெரியாமலும் போகலாம். ஆவியாதல் விதி சேலத்திலும் சரியாக இருக்கிறது, சுங்கை சிப்புட்டிலும் சரியாக இருக்கிறது. இங்கே பானை ஏன் குளிராது என்பதையும் அதே விதிதான் சொல்கிறது. அம்மாவுக்குத் தன் நிரையில் இருந்த மரங்களை உள்ளங்கை மாதிரி தெரியும். மரமே மாறினால்? பால் மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டபோது அந்த அறிவில் பாதி ஒரே வருஷத்தில் உபயோகம் இல்லாமல் போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

அம்மாவைக் குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் கை அறிந்ததை நான் இன்றுவரை எட்டவில்லை. ஆனால் 10-ஆம் தேதி "இதெல்லாம் இயற்பியல்தான்" என்று முடித்தேனே, அது அவசரப் பேச்சு.

நவம்பர் 23, ஞாயிறு

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

முன்பெல்லாம் உயரமான செம்பனையில் குலை அறுக்க மூங்கில் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டுவார்கள். அப்புறம் அலுமினியக் கம்பு வந்தது. எடை குறைவு, ஒன்றுக்குள் ஒன்று செருகி நீட்டிக்கொள்ளலாம், எல்லாருக்கும் சந்தோஷம். பக்கத்து லயத்து அண்ணன் ஒருவர், மூங்கில் காலத்தில் இருந்தே குலை வெட்டுகிறவர், ஒரு நிரையில் இருந்து அடுத்த நிரைக்குப் போகும்போது கம்பை நிமிர்த்திப் பிடித்தபடியே நடந்தார். இருபது வருஷமாக அப்படித்தான் நடந்திருக்கிறார். தோட்டத்து ஓரமாக 11 கிலோவோல்ட் உயர் அழுத்த மின்கம்பி போகிறது.

பிழைத்துவிட்டார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவருடைய பூட்ஸைக் கழற்றி வைத்திருந்தார்கள். வலது பூட்ஸின் அடியில் ஐந்து காசு அளவுக்கு ஒரு ஓட்டை, ஓரமெல்லாம் உருகிச் சுருண்டிருந்தது. மின்சாரம் தரைக்குப் போன வழி. உள்ளங்கைத் தோல் வெள்ளையாகி உரிந்திருந்தது. இரண்டு விரல் இன்றைக்கும் மடங்காது.

காய்ந்த மூங்கில் மின்சாரத்தை லேசில் விடாது. அலுமினியம் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துகிற பொருள். மேலே ஓடும் மின்கம்பிகளையே பெரும்பாலும் அலுமினியத்தில்தான் செய்கிறார்கள். அந்த அண்ணனின் கைக்கு இருபது வருஷ அனுபவம் இருந்தது, எல்லாம் மூங்கிலோடு. கம்பைக் கையில் கொடுத்தவர்கள் விலையைச் சொன்னார்கள், எடையைச் சொன்னார்கள், இதைச் சொல்லவில்லை. அதைவிட எனக்கு ஆறாதது வேறு. நான் ஐந்தாம் படிவம் வரை இயற்பியல் படித்திருந்தேன். எது கடத்தும், எது கடத்தாது என்று பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கியிருந்தேன். அந்த அலுமினியக் கம்புகள் வந்து இறங்கியபோது பார்த்துக்கொண்டு நின்றேன், ஒன்றைத் தூக்கியும் பார்த்தேன். எவ்வளவு லேசு என்றுதான் நினைத்தேன். மேலே கம்பி போகிறதே என்று எனக்குத் தோன்றவில்லை.

அனுபவத்தில் கற்றுக்கொள்ளலாம் என்பது பல விஷயத்துக்குச் சரி. இதை ஒரு தடவைதான் அனுபவிக்க முடியும். நடப்பதற்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. ஞாயிற்றுக்கிழமை மண்டபம் எனக்கு அப்போது தொடங்கியது. பிள்ளைகளிடம் விதியைச் சொன்னால் அன்றைக்கே வெளியே கூட்டிப்போய் அது எங்கே நிற்கிறது என்று விரல் நீட்டிக் காட்டச் சொல்வேன். இன்றைக்கும் வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போகும்போது பதினோரு பேரும் மேலே பார்த்துக்கொண்டே போனார்கள்.

நவம்பர் 24

"அப்போ கம்பியில் உட்காரும் காக்கா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். காக்கா தரையைத் தொடவில்லை. இரண்டு காலும் ஒரே கம்பியில், இடையில் மின்னழுத்த வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை, அதன் உடம்பு வழியாகப் போக மின்சாரத்துக்குக் காரணம் இல்லை. ஒரு கால் கம்பியிலும் ஒரு கால் இரும்புத் தூணிலும் வைத்தால் அதுவும் செத்துவிடும்.

நவம்பர் 27

இப்போது சம்பளம்.

என் ஆலையில் பாய்லரை ஓட்ட அரசாங்கத் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். மின் அறையைப் பார்க்கிறவருக்குச் சார்ஜ்மேன் சான்றிதழ். மேலே இன்ஜினியர். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர், கூரையில் சோலார் பலகை மாட்டுகிறவர், ஏர்கான் பழுது பார்க்கிறவர், எல்லாருக்கும் அடியில் கிடப்பது இதே பாடம். ஆபீஸ் காத்தாடிக்குக் கீழே உட்காரும் வேலைகள் இதிலும் நிறைய இருக்கின்றன தம்பி, ஆனால் என்னைக் கேட்டால் பாய்லர் பக்கத்தில் நிற்பது கூடப் பெருமைதான்.

ஒன்றைக் கிட்டத்தில் காட்டுகிறேன். நீங்கள் கொண்டுவந்து கொட்டும் குலைகளை முதலில் வேக வைக்கிறோம், பெரிய படுத்த உருளைக்குள், ஸ்டெரிலைசர் என்போம். வீட்டுக் குக்கர் மாதிரிதான், யானைக் கணக்கில். உள்ளே ஆவி, கேஜில் (அழுத்தம் காட்டும் முள்) 3 பார், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட ஏறக்குறைய அதைப்போல மூன்று மடங்கு கூடுதல், சூடு 140 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே, ஒன்றரை மணி நேரம். நான் புதுசாகச் சேர்ந்தபோது ஒரு நாள் கேஜ் சரியாக 3 காட்டியது, நேரமும் சரி, ஆனால் வெளியே வந்த குலையில் பழம் உதிரவே இல்லை, கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. பெரிய ஃபோர்மன் ஒரு குலையைக் காலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "காத்த வெளியேத்தலடா" என்றார். அடுத்த தடவை முதலில் ஆவியை விட்டு, உள்ளே இருந்த காற்றைத் திறந்து தள்ளிவிட்டு, மறுபடி அழுத்தம் ஏற்றினோம். உதிர்ந்தது.

ஏன் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் அன்றைக்குத் தெரியாது. அப்புறம் புத்தகத்தில் பார்த்தேன். கேஜ் காட்டும் அழுத்தம் உள்ளே இருக்கிற எல்லா வாயுவும் சேர்ந்து தள்ளுவது. வெளிக்காற்றையும் சேர்த்தால் மொத்தம் 4 பார். அதில் கால் பங்கு காற்று என்றால் ஆவியின் பங்கு மூன்றுதான், அந்த மூன்றுக்கு உரிய சூடு 133 டிகிரி சொச்சம். கேஜ் முள் நகரவே நகராது, உள்ளே பத்து டிகிரி காணாமல் போயிருக்கும். போதாததற்குக் காற்று போர்வை மாதிரி குலையைச் சுற்றி நின்று சூட்டையும் தடுக்கும். ஒவ்வொரு வாயுவும் தன் பங்குக்குத் தனியாகத் தள்ளுகிறது என்று 1801-இல் சொன்னவர் ஜான் டால்டன்.

இந்த டால்டனுக்கு இளவயதில் கணக்கும் வானிலையும் சொல்லிக் கொடுத்த ஆசிரியர் யார் தெரியுமா? 16-ஆம் தேதி சொன்னேனே, கண் தெரியாத ஜான் காஃப், ரப்பரை உதட்டில் வைத்தவர். அவரேதான். இதைப் படித்த அன்று இரவு ஷிப்டில் பாய்லர் முன்னால் நின்றுகொண்டு நெடுநேரம் சிரித்தேன், சந்தோஷத்தில். குருவின் கையில் எங்கள் அம்மாவின் ரப்பர், சீடனின் விதியில் என் ஆவி. நம் தோட்டத்தின் இரண்டு பயிரும் இங்கிலாந்தில் கெண்டல் என்கிற சின்ன ஊரில் போய்ச் சந்தித்துக்கொண்டன.

நவம்பர் 30

கணக்கியலா, இயற்பியலா என்று இங்கே சண்டை நடக்கிறது. சி. வி. ராமன் 1907-இல் கல்கத்தாவில் நிதித் துறையில் கணக்கு அதிகாரியாகத்தான் சேர்ந்தார். பத்து வருஷம் அந்த வேலை. ஆபீசுக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெருவில் இருந்த ஆய்வுக்கூடம். 1917-இல் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று பேராசிரியர் வேலைக்குப் போனார். 1928-இல் ராமன் விளைவு (பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் கொஞ்சம் நிறம் மாறுவது), 1930-இல் நோபல். திருச்சிப் பக்கத்துப் பிள்ளை.

எனக்கு அதைவிடப் பிடித்தது மிருதங்கம். வெறும் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் வரும் மேல் ஒலிகள் (அடி ஒலியோடு கூடவே எழும் உயர்ந்த ஒலிகள்) ஒன்றோடொன்று சேராது, மொத்தமாக ஒரு சத்தம்தான் வரும். மிருதங்கத்தின் வலப்பக்கம் நடுவில் அந்தக் கறுப்பு வட்டம் இருக்கிறதே, அந்த எடை தோலின் ஆட்டத்தை மாற்றி, மேல் ஒலிகளை அடி ஒலியின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று வரிசையில் நிறுத்திவிடுகிறது. அதனால்தான் சுருதி சேர்க்க முடிகிறது. ராமன் 1920-இல் இதை அளந்து எழுதினார். எங்கள் கோயில் உறுமிப் பசங்களிடம் மிருதங்கத்தையும் பக்கத்தில் வைத்து இரண்டையும் தட்டிக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன், தைப்பூசப் பயிற்சிக்கு வரும்போது பார்க்கலாம்.

டிசம்பர் 4

லோரித் தம்பி நேற்று இரவு எழுதியது:

"அண்ணே, ரெண்டு பாடத்தையும் சேர்த்து எடுக்க முடியுமான்னு ஸ்கூல்ல கேட்கச் சொல்லியிருக்கேன். அது ஒரு பக்கம் இருக்கட்டும். இன்னைக்கு இறக்கத்துல வந்து ஓரமா நிறுத்தினேன். நீங்க சொன்ன நாலரை லிட்டர் ஞாபகம் வந்துச்சு. முன் சக்கரத்து பிரேக் அதிகம் சுடுமா, பின் சக்கரத்துதா? மகள் முன்னாலங்கிறா, நான் பின்னாலங்கிறேன்."

மகள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் சுமை முன்னால் சாயும். பஸ்ஸில் நாம் முன்னால் விழுகிறோமே, அது மாதிரி. நீங்கள் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது, குலை முழுவதும் பின் அச்சின் மேல் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் லோரியில் எது ஜெயிக்கும் என்பதை வாயால் தீர்க்க வேண்டாம், அளந்துவிடலாம். ஆலையில் தொடாமலே சூடு பார்க்கும் துப்பாக்கி மாதிரி ஒரு தெர்மாமீட்டர் இருக்கிறது, கேட்டு வாங்கி வருகிறேன். சரக்கோடு ஒரு தடவை, வெறும் லோரியாக ஒரு தடவை, அதே இறக்கம், அதே வேகம். ரெண்டு பேரும் ஆளுக்கொரு தாளில் இப்போதே எழுதி மடித்து வைத்துவிடுங்கள், எது அதிகம், எத்தனை டிகிரி என்று.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கோயில் வாசலில் இருப்பேன். அதுவரைக்கும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம், தோல் ஒட்டிக்கொள்ளும்.